செவ்வாய்க்கிழமைப் பழமை

டிக்பி தேவாலயத்தின் நிலவறை விற்பனையில்
நாற்பது டாலருக்குப் பேசி முடித்த மேஜை.
மூன்று பேர் தூக்கினோம்.
நாலாமவர், பாதிரியார்,
‘படி இருக்கு, பார்த்து’ என்று
சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டார்.

கராஜில் முகமூடி மாட்டிச் சுரண்டினேன்.
முதலில் வெள்ளை. அதன் கீழ் புதினாப் பச்சை,
மருத்துவமனைச் சுவருக்கு அடித்து மிஞ்சியதை
யாரோ வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும்.
அதற்கும் கீழே ஈரல் நிறத்தில் ஒன்று,
அதைத் தேர்ந்தெடுத்தவரோடு எனக்குப் பேச்சில்லை.
அப்புறம்தான் பைன்.
வெளிறி, கூசி,
நனைந்த பூனை மாதிரி பாதியாய்.

இழுப்பறைக்குள் ஒட்டியிருந்த செய்தித்தாளில்
ஏதோ ஹாக்கி ஆட்டத்தின் முடிவு.
யார் ஜெயித்தார்கள் என்ற பகுதி
எலிக்குப் போய்விட்டது.

மரம் பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது.
அங்கேதான் தொல்லை.
ஹாலிஃபாக்ஸ்காரர்களுக்குப் பண்ணைவீட்டுக் களை வேண்டும்.
புதுசு என்றால் கடையிலேயே வாங்கியிருப்போமே என்பார்கள்.

ஆகவே சங்கிலி.
படகிலிருந்து கழற்றியது, இரண்டடி நீளம்.
ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தபோது
வெண்டல் எட்டிப் பார்த்தான்:
‘அது உன்னை என்ன செய்தது?’

புழு அரித்த துளைகளுக்கு ஆணி.
வரிசையாகக் குத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்,
எந்தப் புழுவும் அளவுகோல் வைத்துக்கொண்டு பசியாறுவதில்லை.
கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன்.
அதில் இரண்டு, கட்டைவிரலில்.

பிறகு தேநீர். கடுப்பாக, சர்க்கரை போடாமல்,
தூரிகையால் மரத்துக்கு.
அது காய்ந்ததும்
பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஒரு வாரம் ஊறிய வினிகர்.
பூசியதும் ஒன்றும் நடக்காது.
கையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால்
சாம்பல் ஏறியிருக்கும்,
ஃபண்டி விரிகுடாவின் ஓதம் போல,
பார்க்கும்போது அசையாமல்
பார்க்காதபோது முழங்கால் வரை.

வாங்க வந்தவள் கோர்ட்னி. கூடவே
படம் பிடிக்க ஒரு கணவன்.
துளைகளை வருடினாள்.
‘எந்தக் காலத்துப் புழுவோ!’
‘செவ்வாய்க்கிழமை,’ என்றேன்.
சிரித்தாள்.
நான் வேடிக்கை பேசுகிறேன் என்று
நினைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு.

அப்புறம் அந்த விளிம்பு.
குறுகிய பக்கத்தில், ஒரு சாண் அகலத்துக்கு
நெருக்கி நெருக்கிக் கத்தித் தழும்பு.
நான் போட்டதில்லை.
யாரோ அங்கேயே நின்று, நாள் தவறாமல்,
இறால் கூண்டு இரைக்கு ஹெர்ரிங் நறுக்கியிருக்கலாம்,
அல்லது ருபார்ப். அல்லது கோபம்.
வெட்டுகள் சாய்ந்திருந்த வாக்கில் இடக்கைக்காரர்.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

‘இது மட்டும் சேதம் மாதிரி இருக்கு,’ என்றாள் கோர்ட்னி,
‘எடுத்துட முடியுமா?’

எண்பதாம் நம்பர் உப்புத்தாள். நூற்றிருபது.
இருநூற்றிருபது.
தழும்பு எவ்வளவு ஆழம் போயிருந்ததோ
அவ்வளவும் நானும் போனேன்,
பிடிவாதம் யாருக்கு அதிகம் என்று ஒரு மாலை முழுக்க.
கடைசியில் வெட்டு எதுவும் இல்லை.
ஆனால் விளிம்பு அங்கே குழிந்திருந்தது,
மணிக்கட்டு வைத்தால் உட்காருகிற அளவுக்கு.
மெழுகு தேய்த்து அனுப்பிவிட்டேன்.
முந்நூற்றைம்பது டாலர். ரொக்கம்.

மூன்று வாரம் கழித்துக் குறுஞ்செய்தி:
வருகிறவர்கள் எல்லாம் அந்தக் குழிவில்தான் கை வைக்கிறார்கள்.
எப்படிச் செய்தீர்கள்?
கட்டில் ஓரத்துக்கு இரண்டு சின்ன மேஜை,
அதே குழிவோடு.

இரண்டும் இப்போது கராஜில் நிற்கின்றன.
அரம் போட்டுப் பார்த்தேன். உளி வைத்துப் பார்த்தேன்.
பள்ளம் விழுகிறது; கை உட்கார மாட்டேன் என்கிறது.
வெளியே மழை, ஸ்காலப் படகுகளின் டீசல் நாற்றம்.
சமையலறைக் கத்தியைக் கொண்டுவந்து
இடக்கைக்கு மாற்றிப் பிடித்துப் பார்க்கிறேன்.

வெண்டல் கோப்பையோடு வந்து நிற்கிறான்.
‘தேநீர். குடிக்கவா, பூசவா?’